சாம்பாரில் உப்பு குறைவு

சாம்பாரில் உப்பு குறைவு. பொங்கலில் நெய் தாராளம், முந்திரி நான்கு, மிளகு முழுசாகப் பல்லில் கடிபடுகிறது. இட்லி சுமார். காபி நன்றாக இருக்கிறது, டிகாக்ஷன் அன்றைக்கு இறக்கியது. ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை.

வழக்கமான ஓட்டல் விமர்சனம் என்றால் இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் ஓட்டலின் சாம்பாரைக் குறை சொல்லி நான் எழுதும் முதல் வரி இது. வயது 46. ஏன் இத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்லாவிட்டால் அந்த மூன்றரைக்கு அர்த்தமில்லை.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம். முப்பத்தெட்டு வயது வரை காலிப்பரும் (காலில் மாட்டுகிற இரும்புத் தாங்கி) ஊன்றுகோலும். தோள்பட்டை இரண்டும் தேய்ந்துபோன பிறகு சக்கர நாற்காலி. திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, சொந்தச் சம்பளம். ஓட்டலில் சாப்பிடுவதற்குப் பணமும் ஆசையும் எப்போதும் இருந்தன. படிதான் குறுக்கே நின்றது.

பெரும்பாலான ஓட்டல்களுக்கு மூன்று படி. நான் வாசலில் நின்றால் உள்ளேயிருந்து இரண்டு மூன்று சப்ளையர்கள் ஓடி வருவார்கள். ஒருவர் பின்னால் கைப்பிடியைப் பிடிப்பார், மற்றவர்கள் முன்னால் கால்தாங்கியைப் பிடிப்பார்கள் (அது கழன்று வரும் என்று நான் கத்துவதற்குள் கழன்று வந்துவிடும்). கல்லாவில் இருப்பவர் எழுந்து நின்று "பாத்து, பாத்து" என்பார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையில் பாதித் தோசையோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் சிக்கலே. இப்படிப் பல்லக்கில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தவர்களிடம் தோசை காய்ந்திருக்கிறது, சட்னி நேற்றையது என்று எந்த வாயால் சொல்வது? திரும்ப இறக்கிவிடவும் அவர்கள்தானே வர வேண்டும்? "நல்லா இருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு டிப்ஸ் கூடுதலாக வைத்துவிட்டு வருவேன். வாய்க்கு ருசியாக இருந்ததா இல்லையா என்று யோசிக்கிற இடத்துக்கே நான் வந்ததில்லை.

போன மார்கழியில்தான் இந்த ஓட்டலைக் கண்டுபிடித்தேன். திருச்சியில் இருக்கிறது, சைவம், காலை டிபன்தான் முக்கியம். பெயர் எழுதவில்லை. குறையும் எழுதப் போகிறேன், அடுத்த ஞாயிறும் அங்கேதான் சாப்பிட வேண்டும்.

வாசலிலிருந்து தொடங்குகிறேன். தெருவுக்கும் ஓட்டல் தரைக்கும் உயர வித்தியாசம் 18 அங்குலம். அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். என் வண்டிப் பையில் பர்ஸ், மாத்திரை, ஈரத் துணி இவற்றோடு ஒரு இஞ்ச் டேப்பும் எப்போதும் கிடக்கும். சரிவுப் பாதைக்குக் கணக்கு சுலபம்: ஓர் அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் வேண்டும். 18 அங்குலம் ஏற 18 அடி. இந்தக் கணக்கைக் கேட்டதும் கடைக்காரர்கள் எல்லோருக்கும் முகம் மாறும். 18 அடி என்றால் நான்கைந்து பைக் நிறுத்துகிற இடம். அதனால்தான் ஊரில் பாதிச் சரிவுகள் ஆறடியில் முடிந்து, பார்ப்பதற்குச் சறுக்குமரம் மாதிரி நிற்கின்றன. அதில் நான் ஏறினால் வண்டி பின்பக்கமாகக் கவிழும். இறங்கினால் நேராகத் தெருவில் போகிற ஆட்டோவுக்குள் போய்விடலாம்.

இந்த ஓட்டலில் சரிவு எல் வடிவத்தில் மடங்குகிறது. ஒன்பது அடி ஏறினால் ஐந்தடிக்கு ஐந்தடி ஒரு சமதளம். அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி இன்னொரு ஒன்பது அடி. இரண்டு பக்கமும் பைப் கைப்பிடி. வழவழ டைல்ஸ் இல்லை, கார் நிறுத்துமிடத்தில் பதிக்கிற சொரசொரப்பான டைல்ஸ். என் வண்டிக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் ஒன்று வைத்திருக்கிறேன், சென்னை ஐஐடியின் ஆய்வகத்தில் உருவானது. தெருவில் ஸ்கூட்டர் மாதிரி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கழற்றிவிடலாம். அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, கையால் தள்ளி, யாரையும் கூப்பிடாமல் மேலே போனேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், "வாங்க" என்றார், திரும்ப நோட்டை எண்ண ஆரம்பித்தார். இதற்கு முன் எந்தக் கல்லாவிலும் எனக்கு இவ்வளவு குறைவான கவனிப்பு கிடைத்ததில்லை. மனசு நிறைந்துவிட்டது.

இரண்டாம் முறை போனபோது முதலாளியிடமே கேட்டேன், எப்படித் தோன்றியது என்று. வீட்டில் யாருக்காவது முடியாமல் இருக்கும், அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"பொய் சொல்லக் கூடாது மேடம், உங்களுக்காகக் கட்டல" என்றார். "காலைல வாக்கிங் முடிச்சிட்டு வர்ற பெரியவங்கதான் எனக்கு யாவாரம். முட்டி வலின்னு பாதிப் பேரு படியில்லாத கடையாப் பார்த்துப் போயிட்டாங்க. மொதல்ல கொத்தனார் ஆறடில ஒண்ணு போட்டாரு. பால் கேன் உருட்டிட்டு வந்த பையனே வழுக்கி விழுந்தான். உடைச்சிட்டு இதைப் போட்டோம். நாலு பைக் எடம் போச்சு. ஆனா பத்து டேபிள் நெறயுதே."

இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. கருணையால் கட்டிய சரிவு, கருணை தீர்ந்த அன்றைக்குப் பூந்தொட்டி வைக்கிற இடமாகிவிடும். வியாபாரத்துக்குக் கட்டியது நிற்கும். நான் சாப்பிட்ட முக்கால் மணி நேரத்தில் படியில் ஏறியவர்களைவிடச் சரிவில் ஏறியவர்கள்தான் அதிகம். கேஸ் சிலிண்டர் ஏறியது. தண்ணீர் கேன் ஏறியது. பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையன் எந்தக் காரணமும் இல்லாமல் மூன்று முறை ஓடி ஏறி இறங்கினான்.

எல்லோருக்குமான வடிவமைப்பு என்று இதற்குப் பெயர் வைத்தவர் ரொனால்ட் மேஸ். அமெரிக்கக் கட்டடக் கலைஞர். அவருக்கும் எங்கள் வியாதிதான், ஒன்பது வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். கட்டடக் கலை படிக்கப் போன வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரைத் தூக்கித்தான் மாடி ஏற்றி இறக்கினார்களாம். படித்து முடித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: ஊனமுற்றவர்களுக்கு என்று தனியாக ஒன்று கட்டாதீர்கள், எல்லோருக்கும் கட்டுவதையே முடிந்தவரை எல்லோரும் புழங்குகிற மாதிரி கட்டுங்கள். 1997-இல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து இதற்கு ஏழு விதிகள் எழுதினார்கள். அதை எல்லாம் எங்கள் முதலாளி படித்திருக்க மாட்டார். பால் கேன் பையன் விழுந்ததிலேயே அவருக்கு ஏழும் புரிந்துவிட்டது.

முன்பு ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் என்னிடம், "அதான் போலியோ ஒழிஞ்சிருச்சே மேடம், இனிமே எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டிருக்கிறார். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தையை. அதற்குப் பிறகு யாருக்கும் இல்லை. உண்மைதான், எங்கள் ஜாதி இனிப் பெருகாது, நன்றி. ஆனால் தேசிய நெடுஞ்சாலையும் சர்க்கரை வியாதியும் முழங்கால் தேய்மானமும் ஒழிந்துவிட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

சரி, உள்ளே போவோம். கதவு 90 சென்டிமீட்டருக்கு மேல் திறக்கிறது, என் வண்டி 25 அங்குலம், இடிக்காமல் நுழையலாம். கதவின் கீழே நிலைப்படி இல்லை. மேசைதான் முக்கியம். பழைய ஓட்டல்களில் கிரானைட் மேசையும் பெஞ்சும் ஒன்றாகத் தரையில் பதித்திருப்பார்கள். வண்டியோடு அதில் நுழைய முடியாது, மேசையின் ஓரத்தில், நடைபாதையில்தான் என்னை நிறுத்துவார்கள். தலைக்கு மேலே சாம்பார் வாளி போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் "சைடு, சைடு" என்று குரல் வரும். நான் எந்தப் பக்கம் ஒதுங்குவது? நின்றுகொண்டே சாப்பிடுகிற உயர மேசை ஓட்டல்கள் இன்னும் மோசம், என் கண்ணுக்கு நேராக மேசையின் கம்பமும் எதிரே நிற்பவரின் பெல்ட்டும்தான் தெரியும்.

இங்கே பத்து மேசையில் நான்குக்குத் தனி நாற்காலிகள். ஒன்றை எடுத்துவிட்டால் என் வண்டி அந்த இடத்தில் நின்றுகொள்கிறது. மேசைக்கு அடியில் குறுக்குக் கம்பி இல்லை, முழங்கால் உள்ளே போகிறது, தட்டு நெஞ்சுக்கு நேராக வருகிறது. இந்த வயதில்தான் சாம்பார் மடியில் சொட்டாமல் சாப்பிட்டேன். ஆனால் அந்த நான்கு மேசையும் ஜன்னலோரம். ஞாயிறு காலை எட்டரைக்கு மேல் போனால் குடும்பங்கள் பிடித்துவிடுகின்றன. எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது, காத்திருப்பேன். அவர்களும் காத்திருந்து பிடித்ததுதானே.

இனி கை கழுவும் இடம். இதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம், ஏனென்றால் கையால் சாப்பிடுகிற ஊரில் சக்கர நாற்காலி என்பது ஒரு விசித்திரமான கஷ்டம். மேல்நாட்டில் எழுதிய எந்தக் கையேட்டிலும் இதைப் பார்க்க முடியாது. தெருவில் உருண்ட சக்கரத்தைத் தள்ளுவது எந்தக் கையோ அதே கையால்தான் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்க்க வேண்டும். அதனால் சாப்பிடும் முன் கழுவியே ஆக வேண்டும். சரி, கழுவினேன். கழுவிய கையால் மறுபடி சக்கரத்தைத் தள்ளித்தான் மேசைக்கு வர வேண்டும். திரும்ப அழுக்கு. சாப்பிட்ட பிறகு இன்னும் வேடிக்கை. வலது கை முழுக்கச் சாம்பாரும் நெய்யும். இடது கையால் மட்டும் தள்ளினால் வண்டி நேராகப் போகாது, இருந்த இடத்திலேயே வட்டம் போடும். செக்குமாடு மாதிரி. வலது முழங்கையால் சக்கரத்தை அழுத்தி, இடது கையால் தள்ளி, இழுத்து இழுத்துத்தான் போவேன். அப்படிப் போய்ச் சேர்ந்தால் கை கழுவும் தொட்டி என் கழுத்து உயரத்தில் இருக்கும். கையை மேலே தூக்கிக் கழுவினால் தண்ணீர் முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் இறங்கும். தமிழ்நாட்டின் பாதி ஓட்டல்களில் என் வலது ஜாக்கெட் கை நனைந்திருக்கிறது.

சில பெரிய ஓட்டல்களில் கிண்ணத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் கொண்டுவந்து வைப்பார்கள். அது நாகரிகம். சின்ன ஓட்டலில் சப்ளையர் ஒரு காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு சொம்பில் தண்ணீர் ஊற்றுவார். அது அன்பு. இரண்டுமே எனக்கு வேண்டாம். சாப்பிட்ட கையை நானே குழாயில் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஓட்டலில் மூன்று தொட்டி இருக்கிறது, அதில் ஒன்று தாழ்வு. குழந்தைகளுக்காக வைத்தார்களாம். கீழே தூண் இல்லை, சுவரில் மாட்டியது, என் முழங்கால் அடியில் போகிறது. திருகுகிற குழாய் இல்லை. புறங்கையால் தட்டினால் திறக்கிற நீளக் கைப்பிடி. கைவிரல் மூட்டு வீங்கிய ஒரு பாட்டி, உயரத் தொட்டி இரண்டு காலியாக இருந்தும் இதற்காகவே என் பின்னால் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் குழாயைத் தட்டித் தட்டித் தண்ணீரை நிறுத்தி விளையாடிக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே தொட்டி, அதற்கு எந்தப் பலகையும் கிடையாது, யார் படமும் ஒட்டவில்லை. ஒரே குறை: தொட்டி ஹாலின் கோடியில் இருக்கிறது, மேசையிலிருந்து 30 அடியாவது இருக்கும். செக்குமாட்டுக்கு அது தூரம். நான் இப்போது முதலில் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு பிறகு போகிறேன். ஜாக்கெட் நனையவில்லை.

மூன்றாம் முறை போனபோது என் தோழியும் வந்தாள். பள்ளி ஆசிரியை, பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் வந்த பிறகுதான், என் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இந்த ஓட்டலில் இருப்பது புரிந்தது. மேசை மேலே கியூஆர் குறி அச்சடித்த அட்டை. மெனு அதில்தான், தாளில் கிடையாது. அட்டை எங்கே இருக்கிறது என்றே அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் போனைக் காட்டிப் பிடித்துத் திறந்தாள். அவளுடைய போன் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும், நாளிதழ், வங்கிக் கணக்கு, அவள் அண்ணியின் வாட்ஸாப் சண்டை எல்லாம். இங்கே "படம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. மெனுவை எழுத்தாக ஏற்றாமல் போட்டோ பிடித்து ஏற்றியிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் சப்ளையர் வந்தார். அறுபது வயதிருக்கும். வழக்கம்போல என்னைப் பார்த்து, "அவங்க என்ன சாப்பிடுவாங்கக்கா?" என்றார்.

"அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்ணே, அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள் தோழி.

மனுஷர் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார் பாருங்கள்: "இட்லி, வடை, சாம்பார் வடை, தயிர் வடை, பொங்கல், பூரி, ரவா, ஆனியன் ரவா, பொடி தோசை, நெய் ரோஸ்ட், ஊத்தப்பம், தேங்காய் சேவை, லெமன் சேவை, ஞாயித்துக்கெழம அடை அவியல்." ஒரே மூச்சு. தோழி முகம் மலர்ந்துவிட்டது. "இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே" என்றாள். மறக்கவில்லை, ராகத்தைக் கேட்கத்தான்.

யோசித்துப் பாருங்கள். எழுத்துத் தெரியாத கூலிக்காரருக்கும் கண்ணாடி மறந்து வந்த தாத்தாவுக்கும் பார்வை இல்லாதவருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேருகிற மெனுவை நம் ஊர்ச் சப்ளையர்கள் எத்தனையோ காலமாக வாயில் வைத்திருந்தார்கள். மேஸ் கேட்டிருந்தால் எட்டாவது விதியாகச் சேர்த்திருப்பார். அதை எடுத்துவிட்டு அட்டையை வைத்தோம், நவீனம் என்று. இத்தனைக்கும் அட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போன மாதம் பக்கத்து மேசையில் காது கேளாத ஓர் இளம் ஜோடி, சைகையில் பேசிக்கொண்டே அந்த அட்டையிலிருந்துதான் படு வேகமாக ஆர்டர் கொடுத்தார்கள். அட்டையும் இருக்கட்டும், அண்ணனும் இருக்கட்டும். முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், படத்துக்குப் பதில் எழுத்தாக ஏற்றுங்கள், செலவே இல்லை என்று. "பையன்கிட்ட சொல்றேன் மேடம்" என்றார். பையன் யார், எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியவில்லை. இன்றுவரை படம்தான்.

ஏசி ஹால் மாடியில். லிஃப்ட் இல்லை. அவ்வளவுதான் அதைப் பற்றி.

இனி கழிப்பறை. நட்சத்திரம் அங்கேதான் குறைந்தது, சாம்பாரில் இல்லை. என்னை மாதிரிப் பெண்கள் வெளியே கிளம்புகிற நாளில் விடியற்காலைக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டோம். பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம். அதனால் வருகிற நீர்க்கடுப்புக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் எத்தனை முறை மாத்திரை தின்றிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. எனவே ஓட்டலில் காபி என்பது எனக்கு ஒரு முடிவு. குடிப்பதா, வேண்டாமா? இந்த ஓட்டலில் கழிப்பறைக் கதவில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டியிருந்தது. அதை நம்பி முதல் நாளே இரண்டு காபி குடித்தேன்.

கதவு பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம். மேனேஜர் மார்க்கெட்டில். இன்னொரு சாவி ஸ்டோரில். ஏழு நிமிடம் ஆயிற்று, நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தால் உள்ளே மாப்பு, இரண்டு பக்கெட், வேலைக்கு ஆகாத ஒரு கிரைண்டர், தீபாவளிக்கு மாட்டிய சீரியல் பல்பு சரம். பையன்கள் பரபரவென்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்கள். ஓட்டல் முழுக்கப் பார்த்தது. உள்ளே போனேன், இடம் போதும், வண்டியைத் திருப்ப முடிகிறது. பிடித்துக்கொள்ளும் கம்பி இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும், அதுவும் துண்டு போடுகிற உயரத்தில், துண்டும் போட்டிருந்தது. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. வண்டி உள்ளே இருந்தால் கதவைச் சாத்த முடியாது. அன்றைக்கு ஒரு சமையல்கார அம்மா வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றார். வாசலில் அத்தனை கணக்குப் போட்டவர்கள் இங்கே மட்டும் ஸ்டிக்கரோடு நிறுத்திவிட்டார்கள்.

கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்ட ஓர் ஆசாரிக்கு அரை நாள் வேலை. இதை முதலாளியிடம் சொன்னபோது, "கவர்மெண்ட் ஆபீஸ்லயே கெடையாது மேடம்" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்று அரசுக் கட்டடத்தை மட்டும் சொல்லவில்லை. பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடமும் அதில் சேர்த்தி. ஏற்கெனவே இருக்கிற கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த நாளிலிருந்து 5 ஆண்டு கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில், இந்த அளவுகளை எல்லாம் வெறும் பரிந்துரையாக வைத்திருந்தால் போதாது, யாரும் மீற முடியாத குறைந்தபட்ச விதிகளாக மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வழக்குப் போட்டு 19 வருடம். என் ஏழு நிமிடம் ஒன்றுமே இல்லை.

இதை முதலாளியிடம் இத்தனை நீளமாகச் சொல்லவில்லை. "சட்டம் இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன், அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "காபி ரெண்டு கூடுதலாப் போகும்" என்று சொன்னேன், யோசித்தார். போன வாரம் பார்த்தபோது கிரைண்டரும் மாப்பும் வெளியே போயிருந்தன, பூட்டு இல்லை. கதவு இன்னும் உள்பக்கம்தான். கிரைண்டரைத் தூக்கிச் சரிவின் நடுச் சமதளத்தில் வைத்திருந்தார்கள். வாட்ச்மேனைக் கூப்பிட்டு நகர்த்தச் சொன்னேன். அதே இடத்தில் ஒருமுறை புல்லட் ஒன்று நின்றது, "அஞ்சு நிமிஷம்தாங்க" என்றார் அதன் சொந்தக்காரர், தோசை வர எவ்வளவு நேரம் என்று தெரியாத மனுஷர்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலோரம் வரை ஒரு மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தது. பிறகு சரிசெய்தார்கள். அதில் போய் நான் அலையைக் கிட்டத்தில் பார்த்தேன், 43 வயதில். அதையும் இந்த ஓட்டலையும் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன், கடலுக்கு வருடத்தில் ஒரு நாள் போவேன். இட்லிக்கு வாரா வாரம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், இத்தனை நேரம் அதைத்தான் எழுத நினைத்தேன். பொங்கல் 70 ரூபாய், அளவு தாராளம், நேரமானால் இறுகிவிடுகிறது, ஏழரைக்குள் போய்விடுங்கள். மெதுவடை வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, எண்ணெய் குடிக்கவில்லை. இந்த ஓட்டலின் நிஜமான கெட்டிக்காரத்தனம் வடைதான். ஆனியன் ரவா நன்று, ஆனால் வர இருபது நிமிடம். இட்லியைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன், மாவில் உளுந்து குறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன், கையில் ஒட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை அடை அருமை, அவியல் தண்ணீர். காபி 35, வெளியே பித்தளை டபராவில் தருகிறார்கள், உள்ளே கண்ணாடி கிளாஸில், ஏன் என்று தெரியவில்லை.

சாம்பாரைப் பற்றி முதல் நாள் சொல்லவில்லை. பழக்க தோஷம். "எப்படியிருக்குக்கா?" என்று சப்ளையர் அண்ணன் கேட்டதும் வாய் தானாக "நல்லா இருக்குண்ணே" என்றது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பில் கொடுத்துவிட்டு, கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன். என்னை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. யாரும் தூக்கி இறக்கவும் போவதில்லை. வாசலில் என் மோட்டார் இருக்கிறது, சரிவு இருக்கிறது, கோபித்துக்கொண்டு போக வேண்டுமென்றாலும் நானே போகலாம்.

"அண்ணே, சாம்பார்ல உப்பே இல்ல."

"அப்படியாக்கா? மாஸ்டர்கிட்ட சொல்றேன்" என்றார், அவ்வளவுதான். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனேன். உப்புக் கரித்தது. அதையும் சொன்னேன்.